அன்புள்ள அரியமுத்து

மருதாயி தன் புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பொண்டாட்டி வாயில் பேர் வந்தால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று பெற்றவள் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ரஞ்சன்குடிப் பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிப் போடுகிறவள் அவள், உங்கள் சிரிப்புக்கெல்லாம் நின்று பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

ஆனால் பேர் சொல்லாமல் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் பேர் அரியமுத்து. அதனால் அரியலூர் என்று ஒரு ஊரே அவளுக்குக் கிடையாது. பெரம்பலூரில் ரயில் இல்லை, அங்கே இருக்கிறது, ஆகவே அது 'ரயிலூர்'. பஸ்ஸில் ஏறி "ரயிலூருக்கு ஒண்ணு குடுங்க" என்பாள். பழைய கண்டக்டர்கள் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழிப்பார்கள். புதிதாய் வந்தவர் "அது எங்கம்மா இருக்கு?" என்று முழிப்பார். முத்துமாரி அவளுக்கு வெறும் மாரியாத்தா. வீட்டில் அவரைக் கூப்பிட 'ஏங்க', வெளியில் சொல்ல 'அஜித்து அப்பா'. ஆபீசில் யாராவது புருஷன் பேர் கேட்டால் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவாள்.

இத்தனை காவல் காத்து என்ன புண்ணியம்? துறைமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஐம்பத்து மூன்று வயது. கையில் சிமெண்ட் பூசுகிற கரணையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

செத்தவர் பேரை எடுப்பதற்கு மட்டும் உலகத்துக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வருமோ! ரேஷன் கார்டில் எடுத்தாயிற்று. ஓட்டர் லிஸ்டில் எடுத்தாயிற்று. கரண்ட் கனெக்‌ஷனை மகன் அஜித்குமார் திருப்பூரிலிருந்து வந்து தன் பேருக்கு மாற்றிவிட்டுப் போனான். எல்லாம் முறைதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் அரியமுத்து என்ற பேர் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பூமாலை ஸ்டோரில்.

பூமாலை ஸ்டோர் முதலில் சின்ன மளிகைக் கடை. ராஜராஜன் என்பவர் தன் அம்மா பேரில் ஆரம்பித்தது. மெல்ல வளர்ந்து, தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு சாமான் எடுக்கிற கடையாகி, அப்புறம் அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் கிளை போட்டது. பெரம்பலூர்க் கடைக்குத் தரை போட்டவர் அரியமுத்து. திறப்பு விழா அன்று காலை வரைக்கும் இடுக்குகளில் சிமெண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜராஜன் அவரைக் கூப்பிட்டு, "கொத்தனாரே, மொத மெம்பரு நீங்கதான், நம்பர் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். அதைப் பத்து வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷர்.

அவர் போன பிறகும் மருதாயி சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குத்தான் வந்தாள். பில் போடுகிற சிவரஞ்சனி "நம்பர் சொல்லுங்கம்மா" என்பாள். மருதாயி அவருடைய பத்து எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். சிவரஞ்சனி திரையைப் பார்த்து, "அரியமுத்துங்களா?" என்பாள். "ஆமாங்க" என்பாள் இவள்.

அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். ஒருத்தி அவர் பேரைச் சொல்ல வேண்டும், இவள் ஆமாம் என்று சொல்ல வேண்டும். பில்லைக் கொண்டுபோய்ப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைப்பாள். அந்தப் பாழாய்ப்போன காகிதம் மூன்று மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். போனால் போகட்டும், அடுத்த சனிக்கிழமை வேறொன்று வரும் என்று இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை கடை வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் தொங்கியது. பூமாலையும் வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்றும் இணைகின்றனவாம். வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சியான செய்தியாம். யாருக்கு மகிழ்ச்சி என்று அதில் போடவில்லை. உள்ளே சிவரஞ்சனி அழுத முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"இணையுறதெல்லாம் பேச்சுக்குத்தாம்மா. அவங்க வாங்கிட்டாங்க. பழைய ஆளுல ரெண்டு பேருக்குத்தான் இங்க வேலை. அரியலூர்ல அவங்களுக்கே ஒரு கடை இருக்காம், அதனால நம்ம கடையை மூடுறாங்க."

"ரயிலூர்க் கடையையா? அது நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுனா என்னம்மா, ஒரே ரோட்டுல ரெண்டு எதுக்குங்குறாங்க." சிவரஞ்சனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒங்க நம்பரை மாத்தணும். வர்ற வெள்ளிக்கிழமையோட இந்தக் கம்ப்யூட்டர் நிக்குது. ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னீங்கன்னா புதுசுல ஏத்திடுவேன். இல்லன்னா பேரு, நம்பரு எல்லாம் அழிஞ்சிடும்."

"அந்த நம்பரு இப்ப இல்லைங்களே" என்றாள் மருதாயி. அவருடைய போன் வீட்டில் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆறு மாதம் காசு போடாமல் விட்டதில் சிம் செத்துவிட்டது. முதலில் அவள் அந்த நம்பருக்கு அடித்துப் பார்ப்பதுண்டு. 'உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் குரல் சொல்லச் சொல்ல, அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்படின்னா ஒங்க நம்பரையே குடுங்கம்மா. ஒங்க பேருலயே போட்டுடலாம்."

"எம் பேரு எதுக்குங்க எனக்கு?" என்று வெடுக்கென்று சொன்னாள் மருதாயி.

சிவரஞ்சனி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். புரிந்த பெண் அவள். கடைப் போனை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. மருதாயி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போன நம்பர் எப்படி அடிக்கும்? அந்தப் பக்கம் எடுப்பது யார்? ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரே ஒரு கணம் அவள் அவர் குரலுக்குக் காத்திருந்தாள்.

"ஆரு?" என்றது ஒரு பெரிய மனுஷியின் கணீர்க் குரல்.

சிவரஞ்சனி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். ஓ.டி.பி. என்ற வார்த்தை வந்ததுதான் தாமதம், அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள். "அடி சக்க! ஓ.டி.பி.யா? எங்க தெருவுல ஒருத்தி ஓ.டி.பி. சொல்லித்தான் நகையை அடகு வச்ச பணம் பூராவும் வழிச்சிட்டுப் போனானுவ. எங்கிட்டயா? வேணுன்னா நேருல வரச்சொல்லு. மூஞ்சியப் பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எங்கம்மா வரணும்?"

"விக்கிரமங்கலம். குஞ்சம்மா கடைன்னா தெரியும். போர்டுல வூட்டுக்காரரு பேரு போட்டிருக்கும், படிச்சுக்கிட்டு வரச்சொல்லு." போன் வைக்கப்பட்டது.

விஷயத்தைக் கேட்டதும் திருப்பூரிலிருந்து அஜித்குமார் கத்தினான். "யம்மா, ஒரு கடை மெம்பருக்காக ரெண்டு பஸ்ஸு மாறிப் போவியா? விடும்மா." அவன் நல்ல பிள்ளை. அம்மாவுக்குப் படிக்கச் சிரமமாயிருக்கும் என்று போனில் ஒவ்வொரு நம்பருக்கும் படம் வைத்துக் கொடுத்தவன். ஆனால் இது அவனுக்குப் புரியாது. அவன் அப்பா பேரைப் பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனி வரைக்கும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான், இனிமேலும் சொல்வான். அவள் கேட்டு மட்டுமே வாழ்ந்தவள். சொல்ல ஆளில்லாமல் போனால் கேட்பது எப்படி?

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். "ரயிலூர் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி விக்கிரமங்கலம் பஸ் பிடித்தாள். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதிக்கும் வெயிலுக்கும் முந்தானையைத் தலையோடு கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டாள். போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

'அரங்கநாதன் மளிகை' என்ற போர்டுக்குக் கீழே குஞ்சம்மாள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். முறம் மாதிரி அகலமான முகம், அதில் ரூபாய் அளவுக்குப் பொட்டு. உள்ளே ஒரு நாற்காலியில் அவள் புருஷர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஓ.டி.பி. பார்ட்டி நீதானா? வா, வா. மொதல்ல தண்ணியக் குடி" என்றாள்.

மருதாயி குடித்தாள். குஞ்சம்மாளின் வாய் ஓயவில்லை.

"பூமாலைக்காரன் வித்துட்டானாமே? என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டான். அரியலூர்க் கடையில எங்கள மாதிரி சில்லறைக் கடைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு கவுண்டர் வச்சிருந்தாங்க தாயி. பத்துப் பாக்கெட்டு சோப்பு எடுத்தாலும் மொத்த வெலைதான். இப்ப மூடுறாங்க. புதுக் கடையில போயி கேட்டேன். 'கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு இல்லம்மா'ங்குறான். இனிமே நான் சரக்கெடுக்கத் திருச்சிக்குத்தான் போவணும். பெரிய கடையும் பெரிய கடையும் சம்பந்தம் பண்ணிக்குது, பந்தியில நமக்கு எலை இல்ல."

"பெரம்பலூர்க் கடையிலயும் நெறையப் பேருக்கு வேல போவுதுங்க."

"போவத்தான் செய்யும்." குஞ்சம்மாள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, ஒன் விசயத்துக்கு வருவோம். இந்த சிம்மு வாங்கி ஒரு வருசமாச்சு. வாங்குன நாள்லேர்ந்து சனிக்கிழமை பதினோரு மணி ஆனா ஒரு மெசேஜ் வந்துரும். 'அன்புள்ள'ன்னு போட்டு ஒரு ஆம்பள பேரு, 'வருகைக்கு நன்றி'ன்னு. ஆருன்னு தெரியாது. ஆனா வாரம் தவறாது. நான் எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன், பாருங்க, ஒரு மனுசன் வூட்டு மேல எம்புட்டு அக்கறையா சாமான் வாங்கிப் போடுறாரு, நீங்களும் இருக்கீங்களேன்னு."

உள்ளேயிருந்து பேப்பர் ஒரு தரம் படபடத்தது.

"போன ஐப்பசியில ஒரு வாரம் மெசேஜ் வரல. எனக்கு மனசே ஆறல. அந்த அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னமோன்னு மாரியாத்தாளுக்கு ஒரு ரூவா முடிஞ்சு வச்சேன்."

அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தவள் மருதாயிதான். அவருக்காக எங்கோ ஒருத்தி காசு முடிந்து வைத்திருக்கிறாள். "அவரு... அஜித்து அப்பாங்க, எம் மகன் பேரு அஜித்து" என்று மட்டும் சொன்னாள்.

"நீ அவரு சம்சாரமா? அப்ப பேரைச் சொல்லு. மெசேஜுல உள்ள பேரும் நீ சொல்ற பேரும் ஒண்ணா இருந்தா ஓ.டி.பி. தர்றேன். நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்."

மருதாயி வாயைத் திறந்தாள். மூடினாள். பையைத் துழாவினாள். ரேஷன் கார்டில் பேர் இல்லை. பில்லெல்லாம் வீட்டுப் பெட்டியில். வியர்த்துக் கொட்டியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

"சொல்ல வரலைங்க" என்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

குஞ்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடகடவென்று சிரித்தாள். "போதும் தாயி. திருடியா இருந்தா பேரை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சிருப்பா. நானும் நாப்பது வருசமா போர்டைக் காட்டித்தானே பொழைக்கிறேன்! அரியமுத்து. சரியா?"

"ஆமாங்க."

"சொல்லாத. நீ சொல்லாத வரைக்கும் அவருக்கு ஒரு கொறையும் வராது. நல்லாருக்கட்டும் மனுசன்."

மருதாயி முந்தானையைக் கழுத்தோடு இன்னும் இழுத்துக்கொண்டாள். அவர் போய்விட்டார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதுதான் நியாயம். ஆனால் இந்தப் பூமியில் அரியமுத்து உயிரோடு இருக்கிற இடம் அந்த அம்மாளின் மனசு ஒன்றுதான். அங்கே போய் அவரை இன்னொரு தடவை சாகடிக்க அவளுக்குத் தெம்பில்லை. சிவரஞ்சனிக்குப் போன் போட்டார்கள். ஓ.டி.பி. வந்தது. குஞ்சம்மாள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். "ஏறிடுச்சும்மா" என்றாள் சிவரஞ்சனி.

"அண்ணனைக் கேட்டதா சொல்லு" என்று குஞ்சம்மாள் மருதாயியின் நம்பரையும் வாங்கிக்கொண்டு, ஒரு பொட்டலம் கடலைமிட்டாயைப் பையில் திணித்து அனுப்பினாள்.

கடையை மூன்று வாரம் மூடி வைத்து வேலை பார்த்தார்கள். திறந்தபோது பச்சை போர்டு போய் ஆரஞ்சு போர்டு. உள்ளே ஏசி குளுகுளுவென்றிருந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் நூறு கிராம் புளி கேட்டால் இல்லை, எல்லாம் அரைக் கிலோ பாக்கெட். சின்ன வெங்காயம் வலைப்பையில் தொங்கியது, எங்கோ ஒரு குடோனிலிருந்து வந்ததாம். பெரம்பலூரைச் சுற்றி வயலெல்லாம் சின்ன வெங்காயம், கடைக்குள் வெளியூர் வெங்காயம்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? போன மாதம்வரை சுற்றுப்பட்டு விவசாயிகள் சாக்கோடு கொண்டுவந்து ராஜராஜனிடம் போட்டுவிட்டுப் போவார்கள். தரையும் புதிது. பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஏறுகிற இடத்தில் ஓர் அங்குலம் உயர்ந்திருப்பதைக் கொத்தனார் பொண்டாட்டியின் கால் கண்டுபிடிக்காதா? அவர் ஒட்டியது அடியில் அப்படியே இருக்கிறது. அது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

சிவரஞ்சனி இல்லை. அவளைத் திருச்சி குடோனுக்குப் போகச் சொன்னார்களாம், கைக்குழந்தையோடு முடியாதென்று நின்றுவிட்டாளாம். அந்த இடத்தில் கவியா என்று பேட்ஜ் குத்திய சின்னப் பெண்.

"மொபைல் நம்பர்?"

மருதாயி பத்து எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

கவியா திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "நம்பர் இருக்கும்மா. பேரு கட்டம் கட்டமா வருது. பழைய கடையில தமிழ்ல போட்டதெல்லாம் இப்படித்தான் வருது. பேர் சொல்லுங்க, புதுசா போட்டுடறேன்."

மருதாயி புளிப் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"இல்லன்னா 'கஸ்டமர்'னு போட்டுடவா?"

பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் உச்சுக் கொட்டினார். மருதாயி அந்தத் திரையைப் பார்த்தாள். ஐந்தாறு வெறுங்கட்டங்கள். உள்ளே ஒன்றுமில்லை. அவள் சொல்லாமல் போனால் அந்தப் பேர் இன்றோடு சரி, இனி யார் வாயிலும் வராது. சொன்னால்? சொன்னால் ஆயுசு குறையும். எந்த ஆயுசு? இரண்டு வருஷமாக அவள் எதைக் காத்துக்கொண்டிருக்கிறாள்? குறைவதற்கு அவரிடம் இனி என்ன இருக்கிறது? இருபத்தொன்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது அத்தனையும் வீண் என்று அப்போதுதான், அந்த ஏசிக் குளிரில், கையில் புளிப் பாக்கெட்டோடு அவளுக்கு முழுசாக உறைத்தது. அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை.

"அரியமுத்து" என்றாள்.

"ஏசி சத்தத்துல கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா."

"அரியமுத்து." இந்தத் தடவை கடைக்கே கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு பேர். அவளுக்குத்தான் வாயெல்லாம் அந்தப் பேர் தித்தித்தது. இத்தனை அழகான பேரை உயிரோடு இருந்தபோது ஒரு தடவை அவர் காதில் விழச் சொல்லியிருக்கக் கூடாதா, திரும்பிப் பார்த்திருப்பாரே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"கேரி பேக் வேணுமா?" என்றாள் கவியா.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு வாசலுக்குப் போவதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் நட்ட நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் அவர். தலையெல்லாம் சிமெண்ட் பொடியோடு சிரிக்கிற படம். அந்த நம்பருக்கு அஜித்குமார் வைத்துக் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் கூப்பிடுகிறார். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். அவள் ஓரமாக நகர்ந்தாள். அந்த முகம் அணைந்துவிடுமோ என்று பயந்து பயந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி மணியில் எடுத்தாள்.

"ஏம்மா, நான் குஞ்சம்மா. மூணு வாரமா ஒண்ணும் வரலியேன்னு பதறிப் போயிருந்தேன். இப்பத்தான் வந்துச்சு. 'அன்புள்ள அரியமுத்து'ன்னு போட்டிருக்கு. அண்ணன் சாமான் வாங்கிட்டாரா?"

மருதாயி கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"வாங்கிட்டாருங்க" என்றாள்.